நாற்பத்தாறு நெற்றிகள்

குரோம்பேட்டை ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவள் ஞானஜோதி. அவளுடைய கவுன்டரில் வரிசையை மீறிக் குறுக்கே புகுந்தவர்கள் உண்டு. புகுந்து டிக்கெட் வாங்கியவர்கள் கிடையாது. வக்கீல், போலீஸ்காரர், ஆளுங்கட்சிக் கரைவேட்டி யாராக இருந்தாலும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் வரும்: "பின்னாடி போங்க சார்."

ஓய்வு பெற்றதும் சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் கணவர் டெனிஸோடு குடியிருந்தாள். டெனிஸ் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவர், சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுபவர், சத்தம் போட்டு யாரையும் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர். ஒரே மகள் கெசியா பூனாவில். ஞாயிற்றுக்கிழமை சபை, புதன்கிழமை பெண்கள் ஐக்கிய ஜெபம், காலையில் ஏரியைச் சுற்றி நடை என்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அறுபத்தொன்று நடந்தபோது இடது கன்னத்தில், காதோரமாக, மிளகு அளவில் ஒன்று வந்தது. ஒரே மாதத்தில் அது திராட்சை அளவுக்கு வளர்ந்தது. முழுக்கப் பழுக்காத நாவல்பழத்தின் நிறம். வலி இல்லை, அரிப்பு இல்லை. வலித்திருந்தால் பயந்திருப்பாள். வலிக்காததால் கொசுக்கடி என்றும் வேனல்கட்டி என்றும் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள்.

டெனிஸ் நச்சரித்த பிறகுதான் வீட்டுக்கு அருகே இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனாள். "கொழுப்புக் கட்டிம்மா" என்றார் டாக்டர். மரத்துப்போக ஒரு ஊசி, பத்து நிமிஷம், இரண்டு தையல். கட்டி தட்டில் விழுந்து, தட்டிலிருந்து மூலையில் இருந்த தொட்டிக்குப் போயிற்று.

"டெஸ்டுக்கு அனுப்ப வேணாமா டாக்டர்?"

"இதுக்கெல்லாமா? உங்களுக்கு எதுக்கும்மா வீண் டென்ஷன்!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு வந்தாள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்ததாக ஞானஜோதி ஒத்துக்கொள்ளும் நாட்கள் அவள் ஆயுளில் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

ஆறே வாரத்தில், தையல் போட்ட தழும்பின் மேலேயே கட்டி திரும்ப முளைத்தது. இந்த முறை தாம்பரத்தில் தோல் டாக்டர் அனுப்பிரியாவிடம் போனாள். அனுப்பிரியா கட்டியைப் பார்த்ததும் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள். விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தின் இரு பக்கமும் விரலால் மெல்லத் தடவித் தடவித் தேடினாள்.

"போன தடவை எடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் எங்கம்மா?"

"ரிப்போர்ட் இல்ல டாக்டர். குப்பைத்தொட்டிலதான் போய்க் கேக்கணும்."

இப்போது ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து முடிவு வந்தது. "மெர்கெல் செல் கார்சினோமா" என்றாள் அனுப்பிரியா. "தோல்ல வர்ற கேன்சர்தான். ஆனா ரொம்ப அபூர்வம். பதினாறு வருஷத்துல நான் பாக்கற ரெண்டாவது ஆள் நீங்க."

"எழுதித் தாங்க."

அனுப்பிரியா தமிழில் எழுதிக் கொடுத்தாள். ஞானஜோதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்தில் டெனிஸ் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"மறைக்காம சொல்லுங்க. இது எப்படிப்பட்டது?"

"வேகமா பரவற ஜாதிம்மா. கழுத்துக்கு இன்னும் வரலன்னு தோணுது. அது வேகமா போகுதுன்னா நாமளும் வேகமா போகணும்."

திரும்பி வருகையில் பஸ் ஸ்டாப்பில் டெனிஸ் தணிந்த குரலில் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்ல வேணாம் ஜோதி. சபையில ஆளுக்கொண்ணு பேசுவாங்க."

"ஏன், நான் என்ன திருடினேனா?"

பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஃபைலோடு வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் கச்சிதமாகச் சுற்றிய முக்காடு, தோளில் பெரிய பை. பெயர் சித்திகா, பம்மல்காரி, வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

"எங்க அத்தா பம்மல்ல தோல் பதனிடற ஷாப்புல வேலை பாத்தவரு ஆன்ட்டி. அவரு மாட்டுத் தோல், நான் மனுஷத் தோல்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். பிறகு முகம் மாறி, விஷயத்துக்கு வந்தாள். இந்தப் புற்றுக்கும் ஒரு வைரஸுக்கும் தொடர்பு உண்டு. வெளிநாடுகள் பலவற்றில் சோதித்துப் பார்த்ததில் பத்துக் கட்டிகளில் ஏழெட்டில் அந்த வைரஸ் இருந்திருக்கிறது. நம் ஊரில் எத்தனையில் இருக்கிறது என்று சரியான கணக்கு இல்லை. நாளைக்கு வெட்டியெடுக்கும் கட்டியில் ஒரு துண்டை அவள் சோதனைக்குக் கேட்டாள்.

"வைரஸா? நான் எங்க போய் வாங்கிட்டு வந்தேன்?"

"எங்கயும் போக வேணாம் ஆன்ட்டி. இது பெரும்பாலான மனுஷங்க தோல் மேல இருக்கறதுதான். சின்ன வயசுலயே வந்து ஒட்டிக்கும். அதுபாட்டுக்கு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ரொம்ப ரொம்ப அபூர்வமா யாரோ ஒருத்தருக்கு, அது உடைஞ்சுபோய் ஒரு செல்லோட மரபணுவுக்குள்ள போய் மாட்டிக்குது. அதுக்கப்புறம் அந்த வைரஸால பெருகவும் முடியாது, வெளிய வரவும் முடியாது. ஆனா அது மாட்டிக்கிட்ட செல் இருக்கு பாருங்க, அது நிக்காம பெருகிட்டே போகும்."

"அப்போ என் கன்னத்துல இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது?"

"ஒட்டவே ஒட்டாது."

"அது ஏன் எனக்கு மட்டும் உடையணும்?"

"வயசு, வெயில், உடம்புல எதிர்ப்பு சக்தி குறையறது, இப்படி சிலது தெரியும். உங்களுக்கு ஏன்னு கேட்டா, தெரியல ஆன்ட்டி. அதைத்தான் தேடறோம்."

"இந்தத் துண்டைக் கொடுத்தா எனக்கு என்ன பிரயோஜனம்?"

சித்திகா கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. பின்னாடி வர்ற யாருக்காவது இருக்கலாம். அதையும் உறுதியா சொல்ல முடியாது."

கட்டி வந்த நாளிலிருந்து ஆறுதல் சொல்லாமல் பதில் சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று ஞானஜோதிக்குப் பட்டது. படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, ஒரு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கட்டியைச் சுற்றி விரலகலம் தோலை எடுத்து, தொடையிலிருந்து தோல் வைத்து ஒட்டினார்கள். கழுத்தில் எடுத்துப் பார்த்த நெறிகட்டியில் புற்று இல்லை. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், கட்டு பிரிக்காத முகத்தோடு அந்தப் பழைய கிளினிக்கில் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். டெனிஸ் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. முறை வந்ததும் உள்ளே போய், புதிய ரிப்போர்ட்டை மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் படித்தார். இரண்டாவது தடவை படித்தார். "அம்மா, இது லட்சத்துல ஒண்ணு. பாத்த உடனே யாராலயும்..."

"தெரியும் டாக்டர். கண்டுபிடிக்கலன்னு சண்டைக்கு வரல. நான் கேட்டேன், நீங்க தூக்கிப் போட்டீங்க. அதுக்குத்தான் வந்தேன். இனிமே வெட்டி எடுக்கறது எதுவா இருந்தாலும் டெஸ்டுக்கு அனுப்புவேன்னு எழுதி, உங்க வாசல்ல ஒட்டுங்க."

"வாசல்லயா?"

"வாசல்லதான். உள்ள ஒட்டினா யார் படிப்பாங்க?"

அடுத்த வாரம் காலை நடையில் அந்த வழியாகப் போனபோது ஒட்டியிருந்தது. அவசரத்தில் கையால் எழுதிய தாள்தான். அவளுக்கு அது போதும்.

சித்திகா போனில் கூப்பிட்டு, கட்டியில் வைரஸ் இருந்தது என்று சொன்னாள். அதை டெனிஸ், கவலை தாங்காமல், பாடகர் குழுவில் ஒருவரிடம் சொல்லிவிட்டார். வைரஸ் என்ற ஒரு சொல் போதாதா? கொரோனாவில் பதினோரு பேரை அடக்கம் செய்த சபை அது. திருவிருந்தில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் பருகும் வழக்கத்தை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்து, அப்போதுதான் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள்.

சபைச் செயலாளர் லாசரஸ் போன் செய்தார். கெட்ட மனிதர் இல்லை. கொரோனாவில் வீடு வீடாக அரிசி கொண்டுபோய் வைத்தவர்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு ஆயர் உங்க வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பாரு. நாலு பேர் கேக்கறாங்க."

"அந்த நாலு பேர் யாருன்னு எழுதித் தாங்க பிரதர். நானே போய்ப் பதில் சொல்றேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியுமா சிஸ்டர்?"

"அப்போ நான் ஞாயித்துக்கிழமை வரேன்."

வந்தாள். முகத்தில் கட்டு இல்லை. ஒட்டுப்போட்ட தோல் கன்னத்தில் வேறு நிறத்தில் பளபளத்தது. டெனிஸ் எடுத்து வைத்த துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்தாள். திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இடம், அந்தப் பக்கம் ஒரு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்துக்கு அப்பால் தபீதாள். இருபது வருஷம் ஒன்றாக ஜெபக்கூட்டத்துக்குப் போனவள், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூடவே இருந்தவள்.

ஆயர் கிண்ணத்தை நீட்டினார். ஞானஜோதி பருகினாள். அவர் விளிம்பைத் துடைத்துத் திருப்பித் தபீதாளிடம் கொண்டுபோனார். தபீதாள் கிண்ணத்தில் வாயை வைத்தாள். உதடு பிரியவில்லை. தொண்டை அசையவில்லை. குடித்ததாக ஒரு பாவனை.

பார்க்காமல் இருந்திருக்கலாம். ஞானஜோதி பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மீன் குழம்பு கொதிக்கக் கொதிக்க அடுப்படியில் நின்று அழுதாள். புற்று என்று கேட்ட அன்று அழாதவள். டெனிஸ் வாசலில் நின்று, "என்னாலதான் ஜோதி" என்றார். "உங்களாலதான்" என்றாள் அவள். "போய்த் தட்டு எடுத்து வைங்க."

மறுநாளிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை. வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம். ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். வாய் வறண்டு போயிற்று, சோறு மண்ணாய் ருசித்தது, கன்னம் கருகிச் சிவந்தது. ஒருநாள்கூட முகத்தை மூடிக்கொண்டு அவள் ரயில் ஏறவில்லை. உற்றுப் பார்த்தவர்களைத் திருப்பி உற்றுப் பார்த்தாள். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

மூன்றாவது வாரத்தில், சிகிச்சை முடிந்த கையோடு சித்திகாவைத் தேடி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள்.

"நோய் இல்லாதவங்க தோலும் வேணும், ஆள் கிடைக்க மாட்டேங்குதுன்னு அன்னிக்குப் போன்ல சொன்னியே. இன்னும் வேணுமா?"

"நூறு பேர் வேணும் ஆன்ட்டி. இருபத்திரண்டுலயே நிக்குது. கேன்சர், வைரஸ்னு ரெண்டு வார்த்தை சொன்னாலே ஓடிடறாங்க."

"எங்க சபைல முந்நூறு பேர் இருக்காங்க."

சித்திகா பேனாவைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு எனக்கே தெரியாது. நம்பர் மட்டும்தான் எழுதுவோம். உங்களுக்குக் கோபம் இருக்கு, தெரியுது. ஆனா இதை வெச்சு யாரையும் மாட்டிவிட முடியாது."

"யார் பேரும் எனக்கு வேணாம். எத்தனை பேருன்னு சொல்லு, போதும்."

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே இரண்டு மாதம் பிடித்தது. ஆயரிடம் ஞானஜோதியே போய்ப் பேசினாள். அவர் லாசரஸைப் பார்த்தார். லாசரஸ் கூரையைப் பார்த்தார். சபை மண்டபம் ஒரு சனிக்கிழமை காலைக்குக் கிடைத்தது.

அன்றைக்குப் பத்தரை மணிவரை வந்தவர்கள் ஆறு பேர். அதில் டெனிஸ் ஒருவர், ஆயர் ஒருவர். சித்திகா மேஜையில் பஞ்சு சுற்றிய குச்சிகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். ஞானஜோதி எழுந்து வாசலுக்குப் போனாள். மரத்தடியில் ஒரு கூட்டம், போகவும் மனமில்லாமல் வரவும் மனமில்லாமல், நின்றுகொண்டிருந்தது. நடுவில் லாசரஸ்.

"ஊசி இல்ல, ரத்தம் இல்ல" என்றாள் ஞானஜோதி, ஸ்டேஷன் இரைச்சலை மீறிப் பழகிய குரலில். "ஈரப் பஞ்சால நெத்தியைத் துடைப்பாங்க. அரை நிமிஷம். பேர் கேக்க மாட்டாங்க. பிடிக்கலன்னா வீட்டுக்குப் போகலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஆனா நின்னு வேடிக்கை பாக்கறதுன்னா வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து உக்காந்து பாருங்க."

யாரோ சிரித்தார்கள். ஒருவர் உள்ளே வந்தார், பிறகு நாலு பேர். பாடகர் குழு மொத்தமாக வந்தது. லாசரஸ் கடைசிவரை நின்றுவிட்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வந்து நேராக மேஜைக்குப் போனார்.

"க்யூ அந்தப் பக்கம் பிரதர்" என்றாள் ஞானஜோதி.

தபீதாளும் வந்தாள். நெற்றியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள். ஒரு மணிக்கு மண்டபத்தைப் பூட்டும்போது மொத்தம் நாற்பத்தாறு.

ஏழு வாரம் கழித்து, ஆராதனை முடிந்ததும் அதே மண்டபத்தில் சித்திகா பேசினாள். வைரஸ் எப்படி இருக்கும், ஏன் எல்லோர் மேலும் இருக்கிறது, எப்போதாவது ஏன் கெடுகிறது என்று படம் காட்டி விளக்கினாள். கடைசியில் சொன்னாள்: "இங்க எடுத்தது நாப்பத்தாறு. அதுல முப்பத்தஞ்சு பேர் நெத்தியில இந்த வைரஸ் இருந்தது."

லாசரஸ் எழுந்தார். "யார் யாருக்குன்னு..."

"எனக்கே தெரியாது சார். எல்லாம் நம்பர்தான். தெரிஞ்சாலும் அதனால ஒண்ணும் இல்ல. இருக்கறவங்க பயப்பட வேண்டாம், இல்லாதவங்க பெருமைப்படவும் வேண்டாம்."

லாசரஸ் தன்னையறியாமல் நெற்றியைத் தடவிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தடவினார்கள்.

ஞானஜோதி எழுந்து நின்றாள். பேசுவதற்கு எழுதிக்கொண்டு வரவில்லை.

"எனக்கு இருந்தது. நான் சொல்லிட்டேன், ஏன்னா அது என் முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. மிச்ச முப்பத்தஞ்சு பேர் யாருன்னு எனக்கு வேணாம். கொரோனால பயந்தோம், சரி, அது பயப்பட வேண்டியது. தெரியாததுக்குப் பயந்தா தப்பில்ல. தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடியே என் பக்கத்து இடத்தைக் காலி பண்ணீங்களே, அதுதான் தப்பு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் அங்கதான் முழங்கால் போடுவேன். தள்ளி உக்கார்றவங்க யாரைவிட்டுத் தள்ளி உக்காரணும்னு யோசிச்சுட்டு வாங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கை தட்டவில்லை யாரும். ஆயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜெபம் செய்தார்.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் தபீதாள் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, அன்னிக்கு நான் கிண்ணத்துல..."

"பாத்தேன்."

"மன்னிச்சுடுங்கக்கா."

ஞானஜோதி ஒரு கணம் அவளையே பார்த்தாள். "இன்னிக்கு முடியல தபீதா. வாயால சொல்லிடலாம், மனசு வரல. இன்னொரு நாள் வீட்டுக்கு வா."

அந்த இன்னொரு நாள் வர மூன்று மாதம் ஆயிற்று. தபீதாள் வந்தாள், காபி குடித்தாள், இருவரும் ஏரியைச் சுற்றி நடந்தார்கள். பழையபடி என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்தார்கள்.

பதினாலு மாதம் கழித்து, தலை துவட்டும்போது கழுத்தில் ஒரு நெறிகட்டி ஞானஜோதியின் கைக்குத் தட்டுப்பட்டது. இந்தத் தடவை ஒருநாள்கூடத் தள்ளிப்போடவில்லை. திரும்ப அறுவை சிகிச்சை, பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றின் மேல் ஏவிவிடும் ஊசி மருந்து. செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த சித்திகா, படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

"என்ன அழற? இதுலயும் ஒரு துண்டு வேணுமா வேணாமா, அதைச் சொல்லு."

"வேணும் ஆன்ட்டி" என்று மூக்கை உறிஞ்சினாள் சித்திகா.

"அப்போ ஃபாரத்தை எடு. அந்த எழுத்துப்பிழையைத் திருத்தினியா?"

மருந்து வேலை செய்தது. இன்றைய தேதிவரை செய்துகொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் அவளுக்குத் தூக்கம் வராது; அந்த வாரம் டெனிஸ் வீட்டில் பாட மாட்டார். ரிப்போர்ட் வந்ததும் பாடுவார். குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களிடம், "ஆகல. இருக்கேன்" என்பாள்.

போன மாதம் அனுப்பிரியா கூப்பிட்டாள். பல்லாவரத்தில் அயூப் என்று ஒருவர், பெல்ட் கடை வைத்திருப்பவர், எழுபது வயது. அதே நோய், அவருக்கு மூக்கோரம். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது, ஆனால் இரண்டு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, கதிர்வீச்சுக்கும் வர மாட்டேன் என்கிறார். கொஞ்சம் பேசிப் பார்க்க முடியுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞானஜோதி அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ருக்ஸானா கதவைத் திறந்தாள். அயூப் உள்ளறையில், தோளில் போட்ட துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானஜோதி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு, இடது கன்னத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எத்தினி வருஷமாச்சு?"

"மூணு நடக்குது. ஒருவாட்டி திரும்ப வந்துது. திரும்ப எடுத்தாங்க."

"வலிக்குதா?"

"குளிர்காலத்துல இழுக்கும். ஆளுங்க பாக்கறதுதான் முதல்ல வலிக்கும். அப்புறம் அதுவும் மரத்துடும்."

வெளியே வெள்ளிக்கிழமைச் சந்தையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. "எனக்கு ஒரு செம்பருத்திச் செடி வாங்கணும் பாய். பல்லாவரத்து ஆள் நீங்க, எங்க நல்லா கிடைக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். வாங்க, போயிட்டு வரலாம்."

"இந்த மூஞ்சியோடவா?"

"வேற மூஞ்சி இருக்கா?"

ருக்ஸானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் முதல் சிரிப்பு. அயூப் எழுந்தார். வாசல்வரை துண்டு முகத்தில் இருந்தது. தெருமுனை வரையும் இருந்தது. சந்தைக்குள் கூட்டம் நெருக்கியடித்ததில் அது தோளுக்கு இறங்கியது. அவர் திரும்ப எடுத்துக் கட்டவில்லை.

செடி விற்றவன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாமா, ரெண்டு பேருக்கும் மூஞ்சில இன்னா ஆச்சு?"

அயூப் தலை குனிந்தார். ஞானஜோதி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், குனிந்த தலையை அவரே நிமிர்த்தினார்.

"கேன்சர்பா" என்றார். "அந்த செவப்பு செம்பருத்தி எவ்ளோ?"